எட்டு ஜிபி அப்பா

ஒரு லட்ச ரூபாயைத் தொடுகிற எந்தப் பொருளானாலும், அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஆள்தான் அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மகளை விஸ்காமில் சேர்த்தபோதும் அப்படித்தான் நடந்தது. இப்போது அவளுக்கு வீடியோ எடிட் செய்ய ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். ப்ளஸ் டூ முடித்த மகனுக்கு விளையாட ஒன்று வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டியாக வாங்கிவிடலாம் என்று சொன்னவன் நான். சிக்கனமானவன் என்று இந்த வீட்டில் எனக்குப் பெயர் உண்டு. அதைப் பாராட்டாக யாரும் சொல்வதில்லை.

அசெம்பிள் செய்வதா, ரெடிமேடாக வாங்குவதா? என் வயதுக்காரர்களுக்கு கம்ப்யூட்டர் என்றாலே ரிச்சி ஸ்ட்ரீட்தான். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்து, ஒரு கடையில் மதர்போர்டு, நரசிங்கபுரம் தெருவில் இன்னொரு கடையில் ரேம், மாடிப்படிக்கு அடியில் கடை போட்டிருப்பவரிடம் கேபினெட் என்று சேர்த்து, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வீடு வருவோம். இன்றைக்கும் அப்படி வாங்கினால்தான் அதே காசுக்கு நல்ல சாமான் கிடைக்கும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். வாஸ்தவம்தான். ஆனால் எட்டு சாமானுக்கு எட்டு வாரன்டி. ஏதாவது கோளாறு என்றால் ரேம்காரர் போர்டைக் கைகாட்டுவார், போர்டுக்காரர் கரன்ட்டைக் கைகாட்டுவார். அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டிய ஆள் யார்? ஆபீசில் என் நாற்காலியை யாராவது இழுத்துக்கொண்டு போனால்கூட “பரவாயில்லை சார்” என்று நின்றுகொண்டே ஃபைல் பார்க்கிற நான். ரெடிமேடுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற சில ஆயிரங்கள், திட்டுவதற்கு ஒரே ஆள் கிடைப்பதற்கான கூலி. தாராளமாகக் கொடுக்கலாம்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரிய கம்பெனிகளின் பெட்டிகள் சிலவற்றில் மதர்போர்டு, பவர் சப்ளை எல்லாம் அவர்களுடைய சொந்த அளவில் இருக்கும். நாளைக்குப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட நினைத்தால், கடையில் கிடைக்கிற எதுவும் உள்ளே உட்காராது. வழக்கமான சாமான்களையே பூட்டி, கடைக்காரரே வாரன்டி தருகிற பெட்டிதான் நமக்குச் சரி என்று முடிவானது.

மகன் பட்டியலோடு வந்தான். முதல் வரியில் ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டு. கூட்டல் கழித்தல் தவிர வேறெதுவும் கற்காமல் கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால், நான் எண்களை மட்டும் ஒப்பிட்டேன். 2021ல் 3060 வந்தபோது அதில் 12 ஜிபி நினைவகம். 2023ல் வந்த 4060ல் 8. 2025ல் வந்த 5060லும் அதே 8. நம்பர் ஏறுகிறது, நினைவகம் இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. “என்னடா இது, வயசு ஏற ஏற ஞாபகம் குறையுது?” என்றேன். மகன் என்னை ஏற இறங்கப் பார்த்து, “அது சகஜம்ப்பா” என்றான். வேகம் என்று பார்த்தால் புதிதுதான் மேல், நினைவகம் நிறையக் கேட்கிற விளையாட்டுகளிலும் பெரிய 4கே வேலைகளிலும்தான் எட்டு முட்டும் என்று அக்காவும் தம்பியும் மாறி மாறி விளக்கினார்கள். 5060 டிஐ என்று ஒன்றில் 16 ஜிபி இருக்கிறதாம். விலையைக் கேட்டேன். எட்டே போதும் என்றேன்.

சரி, இவன் என்னதான் விளையாடுகிறான்? வேலரன்ட். அந்த கம்பெனியே சொல்கிற குறைந்தபட்சத் தேவையைத் தேடிப் பிடித்தேன்: இன்டெல் ஹெச்டி 4000. அது 2012 வாக்கில் ப்ராசஸருக்குள்ளேயே இலவச இணைப்பாக வந்தது. வெற்றிக் களிப்போடு அறிவித்தேன். “அதுல 30 எஃப்பிஎஸ்தான்ப்பா வரும். எனக்கு 144 வேணும்” என்றான். ஒரு வினாடிக்கு 144 படம். மூக்குக்கு நேரே தொங்கும் துண்டு கண்ணில் படாமல் பாத்ரூமிலிருந்து குரல் கொடுக்கிறவனுக்கு!

மகள் கேட்டது ஒன்றே ஒன்று. “காலேஜ் கேமராவுல 10 பிட் 4:2:2ல ஷூட் பண்றோம்ப்பா. அது ஸ்மூத்தா ஓடணும்.” விகிதம் என்றதும் எனக்குத் தெம்பு வந்தது. வீடு கட்டும்போது மேஸ்திரி போட்ட 1:2:4 கான்கிரீட் கலவை தெரியும். நிறத் தகவலை எவ்வளவு விட்டுவைத்துப் பதிவு செய்கிறது என்பதற்கான கணக்காம் இது. ஹெச்.265ல் பதிவான இந்தக் கலவை 40 வரிசை கார்டுகளுக்குச் செரிக்காது. 50 வரிசைக்குச் செரிக்கும். கடந்த சில தலைமுறை இன்டெல் ப்ராசஸர்களுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்கும் செரிக்கும். ஆனால் நம்பருக்குப் பின்னால் எஃப் என்று போட்ட ப்ராசஸரில் அந்த உள்கிராஃபிக்ஸ் வேலை செய்யாது. கொஞ்சம் மலிவு என்பதால் கேமிங் பெட்டிகளில் பெரும்பாலும் அந்த எஃப்தான் இருக்கும். விளையாடுகிறவனுக்கு நஷ்டமில்லை. 4060ஓடு அதைச் சேர்த்து வாங்கியிருந்தால் எடிட் செய்கிறவள் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். ஒரே எழுத்தில் இவ்வளவு வில்லங்கமா என்று, பத்திரம் படிக்கிற பயபக்தியோடு அன்றிலிருந்து பின்னெழுத்தை முதலில் படிக்க ஆரம்பித்தேன்.

இந்த இடத்தில் சகலையைப் பற்றிச் சொல்லாமல் தீராது. சென்ற வருடம் அவர் ஒரு பெட்டி வாங்கினார். மூன்று பக்கம் கண்ணாடி, உள்ளே வானவில் நிறத்தில் சுற்றுகிற ஃபேன்கள். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக் காட்டினார். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், அவர் மகன் விளையாடிக்கொண்டிருக்கும்போதே அது டப்பென்று அணைந்தது. காரணம் பவர் சப்ளை. பவர் சப்ளை என்பது கல்யாண வீட்டுச் சமையல்காரரைப் போல. பத்திரிகையில் பேர் இருக்காது, சொதப்பினால்தான் ஊர் முழுக்கப் பேசும். பில்லை எடுத்துப் பார்த்தால் “எஸ்எம்பிஎஸ் – 1” என்று மட்டும் இருந்தது. என்ன கம்பெனி, எத்தனை வாட், ஒன்றும் இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது என்று சொன்னால் என் மனைவி நம்பமாட்டாள், நீங்களும் நம்ப வேண்டாம்.

அதனால் கடையில் நான் நடந்துகொண்ட விதம் எனக்கே புதிது. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதை மகன் படித்தான். போடாததை நான் கேட்டேன்.

“தம்பி, பவர் சப்ளை என்ன மாடல்?”

“நல்லதுதான் சார் போட்ருக்கோம்.”

“நல்லது எத்தனை வாட்?”

அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். 450 வாட், சான்றிதழ் முத்திரை கிடையாது. 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (வெண்கல) முத்திரையோடு 650 வாட் போடச் சொன்னேன். ரேம் 16 ஜிபி என்றார். ஒரே ஸ்டிக்கா, இரண்டு எட்டா என்றேன். ஒன்றுதான். ஒரே ஸ்டிக் என்றால் ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே ஒற்றை வழி. இரண்டாகப் போட்டால் இரட்டை வழி. அதையும் மாற்றச் சொல்லி, ஒவ்வொன்றின் மாடல் நம்பரும் பில்லில் ஏறும் வரை நகரவில்லை. மகனும் மகளும் என்னை யாரோ மாதிரிப் பார்த்தார்கள். பத்து நிமிடம் அந்த மரியாதை நீடித்தது. பிறகு, “வயர்லெஸ் மவுஸ் ஃப்ரீயா தருவீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

மின்சாரக் கணக்கும் என் இலாகா. முழுமூச்சில் விளையாடும்போது மானிட்டரோடு சேர்த்துச் சுமார் 400 வாட் என்று வைத்தால், தினம் நாலு மணி நேரம், இரண்டு மாத பில்லுக்கு 96 யூனிட். எங்கள் வீட்டில் 430 வாக்கில் ஓடுகிறது. தமிழ்நாட்டில் 500ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே இருக்கிற படியின் சலுகையும் பறிபோகும். ஆகவே தினம் இரண்டரை மணி நேரம்தான் என்று சட்டம் போட்டு, தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

பெட்டி வந்து இறங்கியது. ஹாலில் வைத்தோம். ஒரு மணி நேரத்தில் ஹால் கொதித்தது. உள்ளே போகிற அத்தனை வாட்டும் கடைசியில் சூடாகத்தானே வெளியே வர வேண்டும்! “சூடு ஆகாதுங்க அதுக்கு. உங்க சகலை வீட்ல பாத்தோம்ல?” என்றாள் மனைவி. வீட்டில் ஏசி இருப்பது எங்கள் படுக்கையறையில் மட்டும். பிள்ளைகள் மேஜையின் அந்தக் கோடியைப் பிடித்தார்கள், நான் இந்தக் கோடியைப் பிடித்தேன். இப்போது படுக்கையறையில் மகனும் மகளும் முறை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். மனைவி ஏசிக்காக அங்கேயே தூங்கிவிடுகிறாள். நான் ஹாலில், ஃபேனுக்கு அடியில் பாய் விரித்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் ஃபிரிட்ஜில் ஒட்டிய தாள் நன்றாகத் தெரியும். அந்தக் கணக்கில் ஏசி இல்லை.