எட்டு சேனல் சார்

தெருவுக்கு ஒரு பிள்ளையார் கோயில், ஓர் இஸ்திரி வண்டி, ஓர் எட்டு சேனல் சார். சென்னையின் தென்புறநகரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இந்த மூன்றும் இருக்கும். முதல் இரண்டையும் நாம் பார்ப்போம். மூன்றாமவர் நம்மைப் பார்ப்பார்.

சார் கருவூலத்தில் முப்பத்துநாலு வருஷம் பில் சரிபார்த்து ஓய்வுபெற்றவர். பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடியில் தரைத்தள வீடு. காலையில் காபி டம்ளரோடு ஹாலுக்கு வருவார். பேப்பர் வாசலில் கிடக்கும், எடுக்க மாட்டார். அது விழுந்த நேரம் 5.47 என்பதை மட்டும் மானிட்டரில் பார்த்து உறுதி செய்துகொள்வார். திரையில் எட்டுக் கட்டங்கள். ஒன்றில் கேட், ஒன்றில் படிக்கட்டு, ஒன்றில் மோட்டார் ரூம், இப்படி. அவர் வயதுக்காரர்கள் செய்தி சேனலுக்கும் பக்தி சேனலுக்கும் மாறிமாறித் தாவுகையில், சார் எட்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிறார். விளம்பர இடைவேளை கிடையாது. கதையும் கிடையாது. ஆனாலும் ஓட்டிய காட்சியையே திரும்ப ஓட்டிப் பார்ப்பார்.

"கோலத்தை யாரு மிதிச்சதுன்னு கேட்டா, இரு பார்த்துச் சொல்றேன்னு உள்ளே போறாரு. மிதிச்ச ஆளு வாசல்லயே நிக்கிறாரு, காலெல்லாம் மாவோட" என்பார் சாரின் மனைவி.

எல்லாம் இரண்டு பால் பாக்கெட்டில் ஆரம்பித்தது. ஒரே மாதத்தில் இரண்டு முறை, விடியற்காலையில், வாசல் பையிலிருந்து பாக்கெட் மாயம். மற்றவர்களாயிருந்தால் பால்காரரோடு ஒரு வாய்ச்சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். சார் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தைக் கூட்டினார்.

அந்தக் கூட்டத்தில் பேசியதை இன்றைக்கும் முதல் மாடிக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சார் 1942-லிருந்து தொடங்கினார். ஜெர்மனியில் பீனமுண்டே என்ற இடத்தில் வி-2 ராக்கெட் ஏவப்படுவதைத் தள்ளி நின்று பார்க்க, வால்டர் புரூக் என்ற பொறியாளர் கேமராவும் திரையும் பொருத்திய வரலாறு முடிந்தது. அடுத்து நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதி. மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ், வேலை நேரம் ஏறுக்குமாறாக இருந்ததால் வீட்டில் தனியாக இருக்கப் பயந்து, கணவரோடு சேர்ந்து ஓர் ஏற்பாட்டை வடிவமைத்தார். கதவில் நாலு துளைகள், அவற்றுக்கு மேலும் கீழும் நகரும் ஒரு கேமரா, படுக்கையறையில் ஒரு திரை. 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமை வாங்கினார்கள்.

"நமக்கு எத்தனை துளை சார்?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

சார் அசரவில்லை. 1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினித் துறையில், காபி தீர்ந்துவிட்டதா என்று மாடியேறிப் போய் ஏமாறக் கூடாதென்று காபி ஜாடிக்கு எதிரே கேமரா வைத்தார்களே, அதையும் சொன்னார். அந்தக் கேமரா பத்து வருஷம் ஓடி 2001-ல் நின்றது. ஜாடி ஏலத்தில் 3,350 பவுண்டுக்குப் போனது. "ஃபில்டரைத் தட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும், டிகாக்‌ஷன் இருக்கா இல்லையான்னு" என்று அவர் மனைவி முணுமுணுத்தது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் ரிச்சி தெரு. மவுன்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் சந்துக்குச் சந்து கேமராக் கடை. சார் கையில் நாற்பது பக்க நோட்டு, அதில் பதினேழு கேள்விகள். கடைப் பையன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "சார், மூஞ்சி தெரியணுமா, ஆள் தெரிஞ்சா போதுமா?"

இந்தத் தொழிலின் உபநிஷதமே அந்தக் கேள்விதான். ஒருவரை இன்னாரென்று அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகளாவது படத்தில் விழ வேண்டும் என்பது சர்வதேசத் தரக்கணக்கு. இரண்டு மெகாபிக்சல் கேமராவில் குறுக்காக 1,920 புள்ளிகள். வகுத்தால் ஏழரை மீட்டர் அகலம் வரும். பரந்த காட்சி தரும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால், கேமராவிலிருந்து சுமார் மூன்று மீட்டருக்குள் நிற்பவன் முகம்தான் தெளிவாக விழும். அதைத் தாண்டினால் சட்டை தெரியும், நடை தெரியும், யாரென்று தெரியாது. 6 மில்லிமீட்டர் லென்ஸ் தூரத்து முகத்தைக் காட்டும். பக்கத்தில் இருப்பதை விட்டுவிடும். சினிமாவில் பெரிதாக்கப் பெரிதாக்கக் கொலைகாரனின் மச்சம் தெரிவது சினிமாவில் மட்டும்தான்.

"தெருமுனைல போற பைக் நம்பர் தெரியணும்" என்றார் சார்.

"அப்ப தெருமுனைலதான் மாட்டணும் சார்."

பேரம் மூன்று மணி நேரம் நடந்தது. கேமரா டோமா புல்லட்டா, பதிவுப் பெட்டி டிவிஆரா என்விஆரா, இணையத்தில் சேரும் கேமராக்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து கட்டாயமான மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனைச் சான்று இருக்கிறதா, எல்லாவற்றையும் டிக் அடித்தார். குடியிருப்புக்கு ஏழு கேமரா போதும். டிவிஆரோ நாலு சேனலில் வரும், எட்டில் வரும், ஏழில் வராது. காசு கொடுத்து வாங்கிய சேனல் ஒன்று காலியாகக் கிடப்பதா? தணிக்கைக் கண்ணுக்கு அது பொறுக்குமா? எட்டாவது கேமராவைச் சொந்தப் பணத்தில், தனி பில்லில் வாங்கினார். டல்லாஸிலிருக்கும் மகனின் ஆசைப்படி அது சார் வீட்டு ஹாலுக்குப் போனது.

மாட்ட வந்த தம்பி இரண்டு நாள் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். த்ரீ பிளஸ் ஒன் வயர் இழுத்து, பிஎன்சி முறுக்கி, ஏணியில் நிற்பான். கீழே சார் மட்டக்கோலோடு நிற்பார். "கொஞ்சம் இடது. இல்ல, என் இடது." முதல் கேமரா சூரிய உதயத்தைப் பார்த்தது, காலை ஏழு மணிக்கு வருபவரெல்லாம் அதில் கரி உருவம். இரண்டாவதற்கு எதிரே முருங்கை மரம். காற்றடித்தால் செல்போனில் எச்சரிக்கை மணி. ஒரு ராத்திரியில் நாற்பது தடவை முருங்கைக்கீரை அத்துமீறி நுழைந்ததாக எச்சரிக்கை வந்தபின், சார் அதன் உணர்திறனைக் குறைத்தார். அதன் பிறகு லாரியே வந்தாலும் அது வாய் திறப்பதில்லை.

மூன்றாவதில்தான் வம்பு. அது எதிர்வீட்டுத் திண்ணையையும் சேர்த்துப் பார்த்தது. எதிர்வீட்டு அம்மா நேராக வந்தார். "நான் கீரை ஆயறதெல்லாம் ரெக்கார்டு ஆகுதாமே?" அவர் மருமகள் வக்கீல். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் சொன்னதை எடுத்துவைத்தார். சகோதரர்கள் சேர்ந்து வாழும் வீட்டில், கூட வசிப்பவரின் சம்மதமில்லாமல் வசிப்பிடத்துக்குள் கேமரா ஓடக் கூடாது என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-ல் சொன்னதையும், அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்ததையும் சேர்த்தார். கூடப் பிறந்தவனுக்கே அந்த நிலைமை என்றால் எதிர்வீட்டுக்காரருக்கு? சார் அன்று மாலையே திண்ணையின் மேல் ஒரு கறுப்புக் கட்டம் போட்டு மறைத்தார். மறைத்தால் மறைத்ததுதான், பதிவிலேயே கறுப்பாக விழும், பிறகு யார் நினைத்தாலும் விலக்க முடியாது. மூன்றாம் மாதம் அந்தத் திண்ணையிலிருந்து அந்த அம்மாவின் பேரனுடைய சைக்கிள் காணாமல் போனது. அம்மா ஓடி வந்தார். இருவரும் அரைமணி நேரம் அந்தக் கறுப்புக் கட்டத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பால் பாக்கெட் திருடன் என்ன ஆனான்? மாட்டிய இரண்டாம் நாளே அகப்பட்டான். நேரம் 5.12, கேமரா ஒன்று. செவலை நாய். கேட்டைச் சாத்தினால் தீர்ந்துபோகிற வழக்கு. ஆனால் போட்ட கேமராவை ஒரு நாய்க்காகக் கழற்ற முடியுமா?

கேமரா வாங்குவது கல்யாணம் மாதிரி, பராமரிப்பதுதான் குடித்தனம். ராத்திரி கேமராவின் அகச்சிவப்பு விளக்குகளைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன்னால் வலை பின்னினால், அந்த ஒளிபட்டு ஒவ்வொரு இழையும் வெள்ளைக் கயிறாய் மின்னும். நடுவில் யானை அளவு எட்டுக்கால் பூச்சி. ஆகவே சாரின் ஆயுதசாலையில் முதலிடம் ஒட்டடைக் குச்சிக்கு. ஐப்பசி மழையில் வயர் முனைகளில் ஈரம் இறங்கும். நாலாம் கட்டம் நீலமாகிவிடும். போகிப் புகையில் எட்டுமே ஒன்றுபோல.

சேமிப்பு தனிக் கவலை. காவல் நிலையக் கேமராக்களில் 18 மாதப் பதிவு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டதைப் படித்த சார், நமக்கும் அப்படியே என்றார். பென்சிலை எடுத்தார். ஒரு கேமரா நொடிக்கு இரண்டு மெகாபிட் என்றால் நாளைக்கு 21.6 ஜிபி. எட்டு கேமராவுக்கு 173. பதினெட்டு மாதத்துக்கு ஏறத்தாழ 95 டெராபைட். டிவிஆரில் இருந்ததோ ஒரு டெராபைட். திங்கட்கிழமை நடந்ததை ஞாயிற்றுக்கிழமை கேட்டால் அழிந்திருக்கும். சங்கம் நாலு டெராபைட் டிஸ்க் வாங்கச் சம்மதித்தது. அதற்கே பெயின்டிங் செலவு ஒரு வருஷம் தள்ளிப்போனது.

பாஸ்வேர்டிலும் சார் உஷார். தொழிற்சாலையில் வைத்த பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடித்தேடிப் பிடித்து அடியாட்களாக்கியது மிராய் என்ற நச்சுநிரல். 2016 அக்டோபரில் அந்தப் படை ஒரே நேரத்தில் மோதியதில் அமெரிக்காவில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் திணறின. நம் வீட்டு டிவிஆர் அமெரிக்காவைத் தாக்குவதா, அதுவும் மகன் இருக்கும் ஊரை? பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்து பதினான்கு எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு வைத்தார். இரண்டு தடவை மறந்தார். மூன்றாம் தடவை ஹாலிலிருந்த தினசரிக் காலண்டரின் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதிவைத்தார்.

வருஷக்கணக்கில் காத்திருந்த நாள் ஒரு புதன்கிழமை வந்தது. பக்கத்துத் தெருவில் பைக் திருட்டு. போலீஸ்காரர் கேமரா பார்க்க வந்தார். ஏ.கே.விசுவநாதன் கமிஷனராக இருந்தபோது மூன்றாம் கண் திட்டம் என்று சென்னைப் போலீஸ் வீடுவீடாகக் கேமரா மாட்டச் சொன்ன காலத்திலிருந்தே சார் ஏங்கிய காட்சி இது. பனியன் மேல் சட்டை ஏறியது. காபி வந்தது. பதிவும் கிடைத்தது: ராத்திரி 2.20, ஒரு பைக், இரண்டு பேர்.

"நிறுத்துங்க சார். பெருசு பண்ணுங்க."

பெரிதாக்கினார். ஒளியைத் திருப்பியடிக்கும் நம்பர் பிளேட் கேமராவின் அகச்சிவப்பை அப்படியே வாங்கித் திருப்பிவிட்டதில், எண் இருந்த இடத்தில் பௌர்ணமி நிலவு. போலீஸ்காரர் திரையின் மேல்மூலையைப் பார்த்தார். தேதி 2000 ஜனவரி 1. டிவிஆருக்குள் காசு அளவு பேட்டரி தீர்ந்து, கரண்ட் போய் வந்தபோது கடிகாரம் பிறந்த நாளுக்கே திரும்பிவிட்டிருந்தது.

"இந்தக் கட்டடம் எப்ப சார் கட்டினது?"

"ரெண்டாயிரத்து ஆறு" என்றார் சார், மெல்லிய குரலில்.

மின்னணுப் பதிவுக்கான பாரதிய சாட்சிய அதினியம் 63-ம் பிரிவுச் சான்றிதழ் தரத் தயார், அது 2024 ஜூலை முதல் அமல், ஹாஷ் மதிப்புகூட எடுத்து வைத்திருக்கிறேன் என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார். போலீஸ்காரர் அடுத்த வீட்டு பெல்லை அடித்தார்.

அன்று ராத்திரி டல்லாஸிலிருந்து போன். "அப்பா, காலண்டர்ல என்ன அது? பாஸ்வேர்டா? இங்கேருந்து அப்படியே படிக்க முடியுதுப்பா!" எட்டாம் கேமராவுக்கும் காலண்டருக்கும் இரண்டு மீட்டர் தூரம். மொத்த ஏற்பாட்டிலும் 250 புள்ளிக் கணக்கில் தேறிய ஒரே பொருள் அந்த அட்டைதான். சார் காலண்டரைத் திருப்பி மாட்டினார். அதோடு நிற்கவில்லை, ஹாலின் அந்த மூலை முழுவதையும், தன் நாற்காலி உட்பட, கறுப்புக் கட்டத்தால் மறைத்தார்.

"அந்தக் கறுப்புக்குள்ள உட்கார்ந்து என்னப்பா பண்றீங்க?" என்று மகன் கேட்டால், "ரெக்கார்டிங் பார்க்கறேன்" என்பார்.

சாருக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. போன வாரம் பெருக்க வந்த மனைவி, ஜன்னலிலிருந்து எறும்பு வரிசை ஒன்று சுவரோரமாக வந்து, காலண்டருக்குக் கீழே திரும்பி, சாரின் நாற்காலிக் காலில் ஏறுவதைப் பார்த்தார். குஷனைத் தூக்கினார். மைசூர்பாகு டப்பா, பாதி காலி. குஷனை இருந்தபடியே வைத்துவிட்டு, எறும்புச் சாக்பீஸால் நாற்காலியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனார். சாயங்காலம் வந்த சார், வட்டத்தை யார் போட்டது என்று ரீவைண்ட் செய்து பார்த்தார். கறுப்பாக இருந்தது.