வாணலிப் புணரியல்

இவ்வாராய்ச்சி என் நுதலிற்றோ எனின், வீட்டு அடுப்பில் காரச் சீன நூடுல்ஸ் கிண்டினால் அது ஏன் உப்புமாவாகிறது என்பதை உணர்த்துதல் நுதலிற்று.

சீனத்தின் சிங்ஹாய் மாநிலத்தில், லாஜியா என்னுமிடத்தில், மண்ணுக்கடியில் கவிழ்ந்து கிடந்த ஒரு கிண்ணத்துக்குள் சுமார் 4,000 ஆண்டுப் பழைய நூடுல்ஸ் இருந்ததை 2005இல் ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். அரை மீட்டர் நீள இழைகள். இழை இழையாகவே கிடந்தன. நாலாயிரம் ஆண்டு மண்ணால் ஆகாததை நம் கரண்டி பத்து நிமிடத்தில் சாதிக்கிறதே, ஆகவே குற்றம் கரண்டியுடையது என்பாரும் உளர். அற்றன்று. என்னை?

இழையும் இழையும் கூடுமிடத்து நிகழும் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். இங்கே நிலைமொழி, வாணலியில் கிடக்கும் நூடுல்ஸ். வருமொழி, அதன் தலையில் கொட்டப்படும் கோஸ், கேரட், குடைமிளகாய். வருமொழிமேல் உப்புப் பட்டதும் நீர் தோன்றும். நீர் பட்டதும் இழைமேல் ஒட்டியிருக்கும் மாவு கஞ்சியாகத் திரியும். அதற்குப்பின் கெடுதலுக்கெனத் தனிவிதி வேண்டா.

நூடுல்ஸை வேகவைத்த விதம் சரியில்லை என்று ஒரு சாரார் சொல்வர். பாதி உண்மை. பாக்கெட்டில் போட்டிருப்பதற்கு ஒரு நிமிடம் முன்பே இறக்கி, வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசறி, தாம்பாளத்தில் பரப்பி, ஃபேனடியில் வைக்க வேண்டும். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டக்கூடாது. சாஸ் போதவில்லை என்போர் இன்னொரு சாரார். அவர்கள் பெரும்பாலும் சாஸ் விற்பவர்கள். தக்காளி சாஸ் ஊற்றுவோரை இவ்வாராய்ச்சி கணக்கில் கொள்ளவில்லை.

மெய்யான காரணம் கணக்கில் இருக்கிறது. நாலு பேருக்கு ஒரே தடவையில் போட்டால் காயிலும் நூடுல்ஸிலுமாக 200 கிராம் நீராவது வெளியேற வேண்டும். ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,260 ஜூல். ஆக மொத்தம் நாலரை லட்சம் ஜூல். வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் ஏறத்தாழ 2 கிலோவாட் தரும். அதில் பாதி சமையலறையைச் சூடாக்கப் போய்விடும். மிஞ்சிய ஒரு கிலோவாட்டில் அந்த நீர் வற்ற ஏழரை நிமிடம். சீன ஓட்டல் அடுப்போ 30 கிலோவாட்டுக்குக் குறையாது. அதில் மூன்றிலொரு பங்கு வாணலிக்குள் இறங்கினாலும் முக்கால் நிமிடத்தில் வேலை முடிந்தது. நீர் இருக்குமட்டும் வாணலியில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பண்டம் சிவந்து மணக்கவோ ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். அந்த ஏழரை நிமிடமும் நாம் வறுப்பதாக நினைத்துக்கொண்டு அவித்துக்கொண்டிருக்கிறோம் என்க.

அப்படியானால் ஓட்டல் மாஸ்டரைப் போலத் தூக்கிப் போட்டுப் பிரட்டினால் என்ன எனின், அதுவும் ஆராயப்பட்டிருக்கிறது. 2020இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள், ஃபிரைடு ரைஸ் போடும் சமையல்காரர்களைப் படம்பிடித்து அளந்தார்கள். வாணலியை முழுக்கத் தூக்குவதில்லை. அடுப்பு விளிம்பில் முட்டுக்கொடுத்து, வினாடிக்கு ஏறக்குறைய மூன்று தடவை முன்னும் பின்னும் ஆட்டுகிறார்கள். நம் அடுப்பில் அதைச் செய்து பார்த்தால் வினாடிக்கு மூன்று கேரட் பர்னருக்குள் விழும்.

எனவே தீர்வு ஒன்றே: இரண்டு பேருக்கு மேல் ஒரு தடவையில் போடாதே. இரும்பு வாணலி புகையும்வரை காயட்டும், காயைத் தனியே வதக்கி எடுத்துவிடு, பிறகு நூடுல்ஸ், சோயா சாஸை நடுவில் ஊற்றாமல் வாணலியின் ஓரமாகச் சுற்றிவிடு, இறங்கும்போதே அது சுண்டும்.

இத்தீர்வுக்குத் தடை அறிவியலில் இல்லை, வீட்டு நீதியில் இருக்கிறது. "ஒருத்தன் சாப்பிட, ஒருத்தன் பார்த்துக்கிட்டு இருக்கணுமா? எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கிண்டு" என்பது எங்கள் அத்தையின் மதம். கல்யாண வீட்டில் முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று உட்காருகிறோமே என மறுத்தால், "அங்கே ரெண்டாம் பந்திக்கு அப்பளம் கிடைக்காது, தெரியுமில்ல?" என்பார். மறுப்புக்கு மறுப்பு இன்னும் கிட்டவில்லை.

இனி காரம். சீனத்தில் மிளகாய் தொன்றுதொட்டது என்பது பிறழ்வுணர்ச்சி. 1591இல் காவ் லியான் எழுதிய நூலில் அது பார்வைக்கு அழகான செடி, அவ்வளவே. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. நமக்கும் போர்ச்சுக்கீசியர் வழியாக அப்படித்தான். அதற்குமுன் நமக்குக் கருமிளகு, சிச்சுவான்காரர்களுக்குச் சிச்சுவான் மிளகு. இது பெயரளவில்தான் மிளகு. குடும்பத்தால் எலுமிச்சைக்கு உறவு. நாக்கில் எரிவதில்லை, நடுங்கும். அந்நடுக்கம் வினாடிக்கு 50 அதிர்வு அளவில் உணரப்படுவதாக 2013இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான். ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டவர் சிச்சுவான் மிளகுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை என இதிலிருந்து கொள்ளலாம், கொள்ளாதிருத்தல் நலம்.

மிளகாய்த்தூள் விதிவிலக்கின்றி விலக்கத்தக்கது. புகையும் வாணலியில் ஒரு ஸ்பூன் தூள் விழுந்தால் கூடத்தில் இருப்பவர் இருமுவார், அடுத்த போர்ஷன்காரர் ஜன்னலைச் சாத்துவார், நூடுல்ஸில் கசப்பு மட்டும் தங்கும். காய்ந்த மிளகாயைக் கிள்ளி, விதையை உதறி, எண்ணெய் மிதமாகச் சுடும்போதே போட்டு, சிவப்பு ஒரு படி கறுக்கும் தறுவாயில் பாதியை எடுத்துவிட வேண்டும். எடுத்ததை இறக்கும்போது மேலே போடலாம்.

புறனடை: மேற்கூறியவை அனைத்தையும் மீறி நாலு பேருக்கும் ஒன்றாகக் கிண்டியவர் மனம் தளரற்க. எலுமிச்சம்பழம் பிழிந்து, கொத்தமல்லி தூவி, கரண்டியால் வெட்டிப் பரிமாறுக. என்ன பண்டம் என்று கேட்பவருக்கு இரண்டாம் தடவை கிடையாது.