எண்பத்து நான்கு படிகள்

கேள்வி: தீர்த்த யாத்திரையால் புண்ணியமில்லை என்றாராம் குருநானக். பிறகு ஏன் நம் சீக்கியர்கள் மே மாதம் மலாக்காவுக்குப் படையெடுக்கிறார்கள்? (வாசகர், செமோர்)

பதில்: யாத்திரை வேறு, புண்ணியக் கணக்கு வேறு. வெறும் முழுக்கு மன அழுக்கைப் போக்காது என்றாரே தவிர, ஊருக்குப் போகாதே என்று அவர் சொல்லவில்லை. சொன்னவரே வருஷக்கணக்கில் நடையாய் நடந்தவர். 1708-இல் நாந்தேடில் பத்தாம் குரு கோபிந்த் சிங், தமக்குப் பின் சீக்கியர் வேதமான கிரந்தமே குரு என்று அறிவித்தார். அதோடு தலத்தின் மகிமை மண்ணைவிட்டு நூலுக்கு மாறிவிட்டது. காலையில் ரூமாலா துணியை விலக்கித் திறந்து, இரவில் மூடிப் பள்ளியறைக்கு எடுத்துச் செல்கிறார்களே, அந்த நூல் இருக்கும் ஈப்போ குருத்துவாரா அமிர்தசரஸுக்கு இம்மியும் தாழ்ந்ததல்ல. பேராக்கில் போலீஸ் வேலைக்கு வந்த சீக்கியர்கள் கும்பிட ஊர் திரும்ப வேண்டியிராததும் இதனால்தான். நம் தோட்டத்து ஆட்கள் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பியது போலத்தான். சீக்கியர்களுக்கோ ஊர்க் கோயிலின் பிடிமண்கூடத் தேவைப்படவில்லை.

அப்படியானால் பஞ்சாபின் கோயிந்த்வாலில் 84 படி இறங்கிக் குளிப்பது எதற்கு என்று மடக்கலாம். நியாயம்தான். மூன்றாம் குரு அமர்தாஸ் கட்டிய படிக்கிணறு அது. படிக்கொரு முறை குருநானக்கின் ஜப்ஜி பாடலைச் சொல்லிக் குளித்தால் 84 லட்சம் பிறவி தீரும் என்ற நம்பிக்கையும் கூடவே இறங்கிவிட்டது. படியைக் கண்டால் மனிதன் எண்ணாமல் விடுவானா? பத்துமலையில் நாம் 272 எண்ணவில்லையா? மலாக்கா கதை வேறு. மே மாதத்தில் அங்கே கூடுவது, 1972-இல் மறைந்த சீக்கிய மகான் சந்த் சோஹன் சிங்கின் நினைவு நாளுக்காக. புண்ணிய முழுக்கெல்லாம் இல்லை. லங்கர் என்னும் பொதுப் பந்தியில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து இரு கையும் ஏந்தி ரொட்டி வாங்க வேண்டும். டத்தோவாக இருந்தாலும் அதே தரைதான்.