கெடுத்தாரா, கொடுத்தாரா?

பேஸ் கிதாரில் கம்பி இரைகிறது. ஃப்ரெட்டைப் பிடுங்கிவிடலாமா? நல்ல வாத்தியத்தைக் கெடுத்த பாவம் சேருமோ? (வாசகர், மணியாச்சி)

எட்டுக் கம்பி மேண்டலினை ஐந்து கம்பியாக்கிய யு.ஸ்ரீனிவாஸ் கெடுத்தாரா, கொடுத்தாரா?

அமெரிக்காவின் ஜாக்கோ பாஸ்டோரியஸ், ஃப்ரெட் இல்லாத தன் 1962 மாடல் ஃபெண்டர் ஜாஸ் பேஸின் விரல்பலகைக்குப் படகுக்குப் பூசும் எப்பாக்சியைப் பூசினார். கம்பி உரசி மரம் தேயக் கூடாதே! 1976-ல் வந்த அவருடைய ஆல்பத்தைக் கேளுங்கள், பேஸ் பாடும்.

ஆனால், இரைச்சலுக்காகப் பிடுங்குவதென்றால் பொறுங்கள். கரிசல் பூமியின் காய்ந்த காற்றில் மரம் ஈரம் இழந்து, கழுத்து பின்பக்கம் வளைந்திருக்கலாம். உள்ளிருக்கும் டிரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தி, சுருதி கூட்டிப் பாருங்கள். அப்புறமும் இரைந்தால் பிரிட்ஜில் கம்பியைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.