வெள்ளையும் சொள்ளையும்

வழிப்போக்கரின் துணியைப் பறிக்கிற இடம் என்று சுந்தரர் தம் பதிகத்தில் கடிந்துகொண்ட, திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டி, இன்று உலகத்துக்கே துணி தைத்து அனுப்புகிறது. சிவப்பு, பச்சை, இன்னும் பெயர் வைக்காத நிறங்கள் எல்லாம் கண்டெய்னர் ஏறுகின்றன. ஏற்றிவிடும் பனியன் கம்பெனி முதலாளியோ வேட்டி சட்டையில் வெள்ளையும் சொள்ளையுமாகத்தான் நிற்கிறார். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் கேட்ட பச்சை இம்மி மங்கினாலும் கண்டுபிடித்துச் சாயப்பட்டறைக்காரரை வறுத்தெடுக்கும் கண் அவருடையது. அந்தக் கண்ணுக்குச் சொந்த பீரோவில் பார்க்க ஒரு நிறம்தான்.

எளிமை என்பார்கள். திருப்பூர் கதர் வளர்ந்த ஊர், 1932இல் கொடியை விடாமல் குமரன் அடிபட்டு விழுந்த ஊர், அந்த வெள்ளையின் வாரிசு இது என்பார்கள். கதர் கட்டியவர் இவ்வளவு கஞ்சி போட்டாரா தெரியவில்லை. வெயில்தான் காரணமென்றால், ஓவர்லாக் மெஷினில் தைப்பவருக்கும் அவருக்கு உதவும் கைமடிக்கும் வேறு சூரியனா காய்கிறது? பஞ்சு பறந்து, மெஷின் எண்ணெய் தெறிக்கிற இடத்தில் அவர்கள் கறை தெரியாத நிறமாகப் பார்த்துப் போடுகிறார்கள். முதலாளியின் வெள்ளை, தன் கை மெஷினைத் தொட்டு வருஷக்கணக்காயிற்று என்று அறிவிக்கிறது. இவர்களில் பலர் அதே மெஷினில் உட்கார்ந்து தைத்து, பிறகு சொந்தமாக நாலு மெஷின் போட்டு மேலே வந்தவர்கள். கஞ்சி கூடுதலாக விழுவதில் வியப்பில்லை.

வேட்டிக்கு ஏது அந்தஸ்து, 2014இல் சேப்பாக்கம் கிரிக்கெட் கிளப்பில் வேட்டி கட்டிய உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லையே என்று கேட்கலாம். அதைத் தடுக்க அதே ஆண்டு சட்டமே போட வேண்டியிருந்தது, உண்மைதான். ஆனால் அது சென்னை. வேட்டிக்குச் சல்யூட் அடிக்கிற விளம்பரத்தோடு ராம்ராஜ் வேட்டிக் கம்பெனி வளர்ந்த திருப்பூர்ப் பக்கம், வேட்டியைக் கண்டால் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டுத்தான் யாரென்று பார்ப்பார்.

வேடிக்கை என்னவென்றால், காதர்பேட்டைக் கடையில் ஏற்றுமதியில் கழித்த செகண்ட்ஸ் வாங்கிய கைமடிப் பையனின் நெஞ்சில் ஐரோப்பியக் கம்பெனியின் பெயர் இருக்கிறது. ஆர்டரோடு வருகிற ஐரோப்பிய பையரும் கசங்கிய ரவுண்ட் நெக்கில்தான் இறங்குகிறார். ஒருவருக்கு உடுப்பால் காட்டிக்கொள்ள எதுவுமில்லை. இன்னொருவருக்குக் காட்டவேண்டிய அவசியமில்லை. இடையில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் தினம் ஒரு சலவை தேவைப்படுகிறது. கோவையில் படித்துவிட்டு வந்த மகன் அப்பாவின் வெள்ளையைக் கிண்டல் செய்துகொண்டு டி-ஷர்ட்டில் திரிகிறார். பேங்க் மேனேஜரிடம் லோன் கேட்கப் போகிற அன்று மட்டும் அப்பாவின் பீரோ சாவியைத் தேடுகிறார்.