வழுக்கும் படியில் ஒரு சபை

கேள்வி: குடவோலையில் சபை அமைத்த உத்திரமேரூர்ப் பக்கத்தில் கேட்கிறேன்: ஒற்றைச் செல் பாக்டீரியாவுக்குச் சபை ஏது? (வாசகர், பெருநகர்)

பதில்: சபை உண்டு, குறைவெண் எட்டாமல் தீர்மானம் இல்லை! பராந்தக சோழன் காலத்தில் குடத்து ஓலையைச் சிறுவன் எடுத்தான் என்றால், பாக்டீரியா இனங்கள் பலவும் தாம் வெளிவிடும் வேதிச் சமிக்ஞை எவ்வளவு செறிந்துள்ளது என்பதைக் கொண்டு அக்கம்பக்கத்துக் கூட்டத்தை உணர்ந்து, ஒருமித்துச் செயல்படத் தொடங்குகின்றன. குளத்துப் படியில் காலை வழுக்கிவிடும் கொழகொழப்பு, அவை சுரக்கும் பசைக்குள் பாசியோடு சேர்ந்து வாழும் 'உயிரிப்படலம்' என்னும் குடியிருப்பாகும். அதன் ஆழத்தில் உணவு குறைந்து உறங்கும் செல்களை நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் எளிதில் கொல்வதில்லை. பல்லில் படியும் மஞ்சள் படிவும் அத்தகைய சபையே. வாய் கொப்பளித்தால் அது கலையாது, தேய்த்துத்தான் கலைக்க வேண்டும்.