பெயர் காபூலில், போர் வங்காளத்தில்

கேள்வி: திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லும் அம்மச்சிப் பிலா என்ற பலா மரம் எங்கள் பக்கத்து நெய்யாற்றங்கரையில்தான் இருக்கிறது. அவரை எதிர்த்த எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பிரபுக்கள், முந்தைய மன்னரின் மகன்களான தம்பிமாரை முன்னிறுத்தினார்கள். மார்க்கத்தின் பெயரால் எழுந்த கலகங்களிலும் இப்படிப் பேருக்கொரு தலைவர் உண்டா?
— ஒரு வாசகர், கோட்டுகால்

பதில்: உண்டு. மிர்சா முகமது ஹக்கீம். முகலாயப் பேரரசர் அக்பருக்கு மாற்றாந்தாய் வழித் தம்பி, காபூலை ஆண்டவர்.

1580-இல் வங்காளத்திலும் பீகாரிலும் முகலாயப் படைத்தலைவர்கள் கொதித்தெழுந்தார்கள். இல்லாத குதிரைக்குப் பணம் வாங்கக் கூடாதென்று ஒவ்வொரு குதிரைக்கும் சூட்டுக்குறி போடச் சொன்னார் அக்பர். அவர்களுக்குக் கொடுத்த படிப்பணமும் குறைந்தது. எரிச்சல் அங்கே தொடங்கியது. அக்பரை எதிர்ப்பது மார்க்கக் கடமை என்று ஜான்பூர் காஜி முல்லா முகமது யஸ்தி ஃபத்வா கொடுக்க, சம்பளச் சண்டைக்குப் புனிதப் போர்வை கிடைத்தது. வங்காள ஆளுநர் முஸஃபர் கான் கொல்லப்பட்டார். ஆள்பவரின் பெயரைச் சொல்லும் வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையான குத்பாவில் ஹக்கீமின் பெயர் ஒலித்தது.

பெயர் வந்ததே தவிர, ஆள் வங்காளத்தை எட்டிப் பார்க்கவில்லை. லாகூர் வரை வந்தார்; மான்சிங் கோட்டைக் கதவைத் திறக்கவில்லை. 1581 ஆகஸ்டில் அக்பர் காபூலுக்குள் நுழைந்தபோது ஹக்கீம் மலைக்கு ஓடிவிட்டார். 1585-இல் குடியால் மாண்டார்.

எந்தக் கலகத்திலும் யார் பெயர் முழங்கியது என்பதோடு நிறுத்தாதீர்கள். யாருடைய வரும்படியில் கை வைத்தார்கள் என்றும் கேளுங்கள். பாதி வரலாறு அந்தக் கணக்கில் இருக்கிறது.